கடைசி அத்தியாயம் முடியவே மாட்டேன் என்கிறது: தோட்டத்து வீட்டிலிருந்து ஆய்வேடு எழுதி முடித்தவர்கள் வழி சொல்ல வேண்டும்

கேள்வி: பொகவந்தலாவை மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்து, இப்போது ஆறாவது ஆண்டில் நிற்கிறேன். ஆய்வேட்டைக் கையளிக்க இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. எழுதுவதற்கென்று எடுத்த விடுமுறையும் அத்துடன் முடிந்துவிடும். ஆறு அத்தியாயங்களில் ஐந்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்தாயிற்று. ஆறாவதோ எட்டு மாதங்களாக என் மேசையிலேயே கிடக்கிறது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்திலிருந்து, 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கைமாறியது வரையான இருபது ஆண்டுகளில், தோட்டத்துப் பெண்களின் சம்பளமும் வீட்டுச் செலவும் எப்படி மாறின என்பதே என் ஆய்வு. 1973, 1974 ஆண்டுகளின் பஞ்சமும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்த 1984ஆம் ஆண்டும் அதற்குள் வருகின்றன. முதல் ஐந்து அத்தியாயங்களும் சட்டங்கள், சம்பளப் பதிவுகள், தொழிற்சங்க அறிக்கைகள் ஆகியவற்றை வைத்து எழுதியவை. ஆறாவது அத்தியாயம், அந்தக் காலத்தில் தொழிலாளராகப் பேர் பதிந்து தேயிலை மலையில் வேலை செய்த 47 அம்மாமார் என்னிடம் பேசியதை வைத்து எழுத வேண்டியது.

என் சிக்கல் இரண்டு. முதலாவது இடம். எங்கள் வீடு இரண்டு காம்பராவும் (அறையும்) ஓர் இஸ்தோப்பும் (முன் விறாந்தையும்) கொண்ட பழைய லயத்து வீடு, அதாவது தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களின் மூன்று வயதுப் பிள்ளை, நான் என ஆறு பேர் இருக்கிறோம். என் மேசை என்பது அண்ணியின் தையல் மெஷின்தான். மூடியைக் கவிழ்த்தால் கணினி வைக்கலாம். தவணை தொடங்கும் காலத்தில் பாடசாலைச் சீருடைகள் தைக்க அண்ணிக்கு மெஷின் வேண்டும் என்பதால், நான் கட்டிலுக்கு மாறிவிடுவேன். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதவும் முடியாது. பல பதிவுகளுக்குள்ளும் மழை இருப்பதனால், வெளியே பெய்வதா உள்ளே பெய்வதா என்று காதுக்கு விளங்காமல் ஒரே வரியைப் பத்து முறை ஓட விட்டுக் கேட்ட நாட்கள் உண்டு.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. அந்த 47 பேரில் 11 பேர் இப்போது உயிரோடு இல்லை. மேற்பார்வையாளர் அத்தியாயத்தை 60 பக்கத்துக்குள் நிறுத்தச் சொல்கிறார். என்னிடம் 140 பக்கங்கள் இருக்கின்றன. ஒரு பத்தியை வெட்டலாம் என்று கை வைத்தால், அதைச் சொன்னவரின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. அவர் சொன்னதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை என்ற எண்ணம் கையைக் கட்டிவிடுகிறது. ஆகவே வெட்டுவதற்குப் பதிலாக இன்னும் இரண்டு பக்கம் சேர்த்துவிட்டு எழும்புகிறேன்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுவதனால், அம்மாமாரின் பேச்சை மொழிபெயர்ப்பதிலும் நாட்கள் போகின்றன. "அன்னிக்கு அரைப்பேருதான் போட்டாங்க" (அன்று அரைநாட் சம்பளம்தான் பதிந்தார்கள்) என்ற ஒரே வசனத்துக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவாயிற்று.

வீட்டிலே இருந்துகொண்டு எழுதி முடித்தவர்கள் நாளை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்? எதை விடுவது, எதை வைப்பது என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? அனுபவத்திலிருந்து சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: தலவாக்கலை மண்ணியலாளர்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். நான் விவசாய விஞ்ஞானம் படித்தவன், துறை வேறு. ஆனால் தையல் மெஷினைத் தவிர மற்றதெல்லாம் என் வீட்டுக் கதையாகவே இருக்கிறது.

முதலில், எழுத்தை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றிச் சொல்கிறேன். என் ஆய்வு, கவ்வாத்து வெட்டுவதற்கு முன் தேயிலைச் செடியின் வேரில் எவ்வளவு மாச்சத்து சேர்ந்திருக்கிறது என்பதைப் பற்றியது. செடியின் இலையையும் கிளையையும் வெட்டி எடுத்த பிறகு, வேரில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் அது மறுபடி துளிர்க்க வேண்டும். பென்சில் பருமனான ஒரு வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் விட்டால், மாச்சத்து நிறைய இருக்கும் இடத்தில் கருநீலம் ஏறும். இல்லாவிட்டால் அயடீனின் மஞ்சளோடு வெளுத்தே கிடக்கும். அப்படிப்பட்ட வேர்த்துண்டுகளை நூற்றுக்கணக்கில் பார்த்தேன். எல்லாப் பாத்திகளும் ஒரு கதையைச் சொல்ல, மேட்டு மலையில் இருந்த ஒரே ஒரு பாத்தி மட்டும் வேறு கதை சொன்னது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஆய்வேட்டை முடிப்பது நேர்மையல்ல என்று எண்ணி, இன்னொரு வறட்சிக் காலம் பார்த்துவிடுகிறேன் என்று ஓராண்டைக் கடத்தினேன்.

என் மேற்பார்வையாளர் ஒருநாள் அமைதியாக, "உமது ஆய்வு வினாவை வாய்விட்டுச் சொல்லும்" என்றார். சொன்னேன். "அதற்கு விடை கிடைத்துவிட்டதா?" என்றார். கிடைத்திருந்தது. "அப்படியானால் அந்தப் பாத்தி அடுத்தவருடைய ஆய்வு. அதை ஒளிக்காமல் எழுதும், விளக்க முற்படாதீர்" என்றார். ஆய்வின் எல்லைகளைச் சொல்லும் பகுதியில் அந்தப் பாத்திக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் இருவரும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். குறையாக ஒருவரும் எடுக்கவில்லை. நீங்களும் உங்கள் வினாவை ஒரு கடுதாசியில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டு, 140 பக்கங்களையும் அதன் எதிரில் வைத்துப் பாருங்கள்.

நாளைப் பிரிப்பதில் எனக்கு வழி காட்டியவர் அம்மா. அவர் அப்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மூன்றாவது நிறுவை முடிந்து, கூடையை இறக்கி, இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே, "தம்பி, இன்னைக்கு ஒனக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" என்று கேட்பார். முதல் சில நாட்கள் எனக்கு மறுமொழி இல்லை. பகல் முழுவதும் கணினியின் முன்னால் இருந்திருக்கிறேன், ஐந்து கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். ஆனால் நிறுத்துப் பார்க்க எதுவுமில்லை. அதன் பிறகுதான் எனக்கும் ஓர் அளவு வைத்தேன். புதிதாக எழுதிய இரண்டு பக்கம் முழுப்பேர். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். வாசித்ததும் அட்டவணையைத் திருத்தியதும் உசாத்துணைப் பட்டியலை ஒழுங்குபடுத்தியதும் கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலையும் (விடுமுறை நாளில் காசுக்குச் செய்யும் மேலதிக வேலையும்) கிடையாது. அன்று கணினியைத் திறக்கவே மாட்டேன்.

அதிகாலை நான்கு மணி முதல் ஆறரை வரை எழுத்து. அம்மா ரொட்டி தட்ட எழும்பும் நேரமும் அதுவே என்பதால், எப்படியும் லைட் எரியும். பகலில் அட்டவணை, வரைபு, மேற்கோள் சரிபார்ப்பு. இரவு ஏழுக்குப் பிறகு ஆய்வேட்டைத் தொடுவதில்லை. இரவில் எழுதியதைக் காலையில் அழித்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் ஓர் ஏப்ரல் மாதப் பிற்பகலில் கணினியைச் சுவரில் செருகியபடியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். ஒரே இடி, கணினி போயிற்று, இரண்டு வாரத்து எழுத்தும் அதனோடு போயிற்று. இணையச் சேமிப்பில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி, அந்த பென் டிரைவ் வேறொரு வீட்டில் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். கைப்பட எழுதிய கொப்பிகளில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, பழைய பிஸ்கட் டின்னில் துணியில் முடிந்த அரிசியோடு வைத்தேன். மாதத்துக்கு ஒரு முறை அரிசியை மாற்றினேன். ஒலிப்பதிவுக் கருவியையும் அப்படியே வையுங்கள்.

பதில்: பதுளை ஆசிரியை

அன்புள்ள தங்கைக்கு, நான் 46 வயதில் கலாநிதிப் பட்டம் பெற்றவள். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகு, ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளுக்குப் படிப்பித்த அந்தப் பாடசாலைகளில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பது என் ஆய்வு. அதற்காகப் பழைய ஆசிரியர்களையும் மாணவர்களையும் தேடி நடந்தேன். உங்களுடைய இரண்டாவது சிக்கலைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நீங்கள் ஒரே கடிதத்தில் இரண்டு கடமைகளைப் பிணைத்து வைத்திருக்கிறீர்கள். அந்த அம்மாமாரின் குரல் அழிந்துபோகாமல் காப்பது ஒரு கடமை. அவர்கள் சொன்னதைக் கொண்டு ஒரு வாதத்தை நிறுவுவது இன்னொரு கடமை. ஆய்வேடு இரண்டாவதைச் செய்வதற்காக உண்டானது. முதலாவதை அதன் தலையில் ஏற்றினால் இரண்டும் கெட்டுப்போகும். நானும் அப்படித்தான் ஏற்றினேன். மூன்று முறை எழுதிய பிறகும் என் அத்தியாயம் ஒருவர் பின் ஒருவராகப் பேசிப் போகும் கூட்டம்போல இருந்ததே தவிர, எதையும் நிறுவவில்லை.

ஆகவே காப்பதற்கு வேறு இடம் தேடினேன். நேர்காணல்களை முழுமையாக எழுத்தில் பெயர்த்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, ஒலியோடு சேர்த்து மூன்று பிரதிகள் செய்தேன். நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவருவதையும், அச்சு நூல்களைத் தவிர ஒலிப்பதிவுகள், படங்கள் போன்றவற்றையும் ஆவணகம் என்ற தளத்தில் காப்பதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். உங்கள் பதிவுகள் போய்ச் சேர அது ஏற்ற இடம். ஆனால் பேசியவர் ஆய்வுக்கு மட்டும் சம்மதித்தாரா, பொதுவில் வைக்கவும் சம்மதித்தாரா என்பதை உங்கள் சம்மதப் படிவத்தில் பாருங்கள். ஆய்வுக்கு மட்டும் என்றால் மறுபடி கேட்க வேண்டும். இறந்துபோனவர்களுக்காக அவர்களின் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு பிரதி வீட்டாருக்கு. நான் இதை முதலில் செய்யாமல் விட்டது பெரிய தவறு. என்னோடு பேசிய ஒரு பாட்டி காலமாகி, கருமாதிக்கு முதல் நாள் அவருடைய மகனிடம் ஒலிப்பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இஸ்தோப்பில் பாயை விரித்து, போனை ஒரு கவிழ்த்த அலுமினியச் சட்டியின் மேல் வைத்தார்கள், சத்தம் கூடுதலாகக் கேட்கும் என்று. 1974இல் மரவள்ளிக் கிழங்கு தேடி அடுத்த கிராமம் வரைக்கும் நடந்த கதையைப் பாட்டி சொன்னார். நடுவில் நிறுத்தி, "தேத்தண்ணி ஆறுது, குடி புள்ள" என்று என்னைப் பார்த்துச் சொன்னதும் பதிவில் இருந்தது. அந்த இடத்தில் மகன் எழும்பி வெளியே போய்விட்டார். பேரப்பிள்ளைகள் அதே இடத்தை மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள். அந்த வரி என் ஆய்வேட்டில் இல்லை. ஆய்வேட்டில் அதற்கு வேலையும் இல்லை. ஆனால் அது போக வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வெட்டுவதற்கு என் கை தயங்கவில்லை.

ஆய்வேட்டில் 47 பேரும் இருக்க வழியுண்டு. பின்னிணைப்பில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி கொடுங்கள்: பிறந்த ஆண்டு, எந்த வயதில் பேர் பதிந்தார், எந்தப் பகுதித் தோட்டம், எத்தனை பிள்ளைகள். அத்தியாயத்துக்குள் பத்து அல்லது பன்னிரண்டு பேரை மட்டும் பேச விடுங்கள். மற்றவர்கள் சொன்னதைத் தொகுத்து, "சம்பளம் சமமான பிறகும் சம்பளக் காசைக் கணவரே போய் வாங்கினார் என்று இத்தனை பேர் கூறினர்" என்று எண்ணிக்கையாகத் தரலாம். அந்த எண்ணிக்கைக்குள் அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சொல்லப்போனால் உங்கள் வாதத்தைத் தாங்குவதே அதுதான்.

மொழிபெயர்ப்பைப் பற்றி: 'பேர்' என்ற சொல்லை ஆங்கிலமாக்கப் பாடுபடாதீர்கள். நம்மிடத்தில் அது ஓர் ஆளின் பெயர், செக்ரோலில் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேட்டில்) விழும் வரவு, அன்றைய நாட்சம்பளம் எல்லாம் சேர்ந்தது. முதன்முறை வரும் இடத்தில் ஒரு பத்தியில் விளக்கிவிட்டு, அதன் பிறகு தமிழ்ச் சொல்லாகவே விடுங்கள். கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), கைக்காசு, பிரட்டுக்களம் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) ஆகியவற்றையும் அப்படியே செய்து, முன்பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வையுங்கள். என் பரீட்சகர்களில் ஒருவர் தமிழ் அறியாதவர். அந்தப் பட்டியல்தான் தனக்கு மிகவும் உதவியது என்றார்.

ஆய்வேடும் நூலும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஈழத்துத் தமிழறிஞர் பேராசிரியர் கா. சிவத்தம்பி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழர் நாடகம் பற்றிய ஆய்வை 1970இல் முடித்தார். அது நூலாக வந்தது 1981இல். விட்டுவிட்ட 80 பக்கங்களுக்கும் காலம் இருக்கிறது.

இடத்துக்கு ஒரு யோசனை. என் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பராமரிக்கும் இடத்தில்) எழுதினேன். மாலையில் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அது பூட்டிக்கிடக்கும். பொறுப்பான உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி கேட்டேன், தந்தார்கள். மேசைகள் முழங்கால் உயரம்தான். ஆகவே தரையில் சாக்கை விரித்து அதன் மேல் இருந்தேன். சுவரில் அ, ஆ எழுதிய அட்டைகள், மூலையில் ஏணைக் கயிறுகள், பால்மாவும் டெட்டோலும் கலந்த வாசனை. மாலை ஐந்து முதல் எட்டு வரை ஒருவரும் கூப்பிடாத மூன்று மணித்தியாலங்கள் எனக்கு வாழ்க்கையிலேயே அங்குதான் கிடைத்தன. முன்பள்ளியோ கோயில் மண்டபமோ பாடசாலை நூலக அறையோ, உங்கள் தோட்டத்தில் மாலையில் பூட்டிக்கிடப்பது எது என்று பாருங்கள்.

பதில்: கம்பளை வாசி

மேலே எழுதிய இருவரிடமிருந்தும் ஒரு விடயத்தில் நான் வேறுபடுகிறேன். கடைசி நான்கு மாதங்களில் இரண்டையாவது வீட்டுக்கு வெளியே கழிப்பது நல்லது. வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை என்னதான் படித்துக்கொண்டிருந்தாலும், பிள்ளையைப் பார்க்கவும் தண்ணீர் பிடிக்கவும் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் மேலும் குற்றமில்லை, கண்ணுக்கு முன்னால் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும். என் மனைவி முடித்தபோது, பல்கலைக்கழகத்துக்கு அருகில் இன்னும் இரு ஆய்வு மாணவிகளோடு சேர்ந்து ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். வாடகையை மூன்றாகப் பிரித்தார்கள், சமையலையும் பிரித்தார்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் போய் நூலகத்தில் ஒரு மேற்கோளைச் சரிபார்த்து வருவதற்கே ஒரு நாள் போய்விடும். அறை எடுத்த பிறகு அது பத்து நிமிட நடையாயிற்று. பணம் இடித்தால் ஒரு மாதமாவது முயன்று பாருங்கள்.

அலுவலகக் காரியங்களை இப்போதே தொடங்குங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதிகள் வேறுபடும் என்றாலும், பதிவுக் காலம் எப்போது முடிகிறது, நீடிப்புத் தேவைப்பட்டால் எத்தனை நாட்களுக்கு முன் எழுத வேண்டும், ஆய்வேட்டின் தலைப்பையும் சுருக்கத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமா, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதிகளைக் காட்டும் ஒப்புமைப் பரிசோதனை அறிக்கையை யார் எடுத்துத் தருவார், ஓர விளிம்பின் அளவு என்ன என்பனவற்றை எல்லாம் எங்கும் கேட்பார்கள். பரீட்சகர்களை நியமிப்பதற்கும் பல கூட்டங்கள் கடக்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்காகக் காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு கையெழுத்துக்காக அவருடைய கையளிப்பு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

மேற்பார்வையாளருக்கு அத்தியாயத்தை அனுப்பும்போது "பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்று மட்டும் எழுதினால் மறுமொழி வர மாதமாகும். "22ஆம் பக்கத்தில் இந்த நான்கு நேர்காணல்களை விட்டிருக்கிறேன், வாதம் நிற்கிறதா?" என்று குறிப்பாக மூன்று கேள்விகள் கேட்டு, எந்தத் திகதிக்குள் மறுமொழி தேவை என்பதையும் மரியாதையாகச் சேர்த்து அனுப்புங்கள்.

மறுமொழி: பொகவந்தலாவை மாணவி

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் கம்பளை ஐயாவுக்கும் மனம் நிறைந்த நன்றி. உங்கள் பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'முழுப்பேர்' வந்த இடத்தில் அம்மா சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தம்மா சரியாத்தான் கேட்டிருக்கு" என்றார். நேற்று முதல் எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி தொடங்கிவிட்டது. நேற்று அரைப்பேர், இன்று இரண்டு பக்கமும் எட்டு வரியும்.

என் வினாவை எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். "சம்பளம் சமமான பிறகு, வீட்டில் அந்தக் காசை யார் கையில் வைத்திருந்தார்?" என்பதே வினா என்று எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெளிவாக விளங்கியது. அதன்படி பார்த்தால் பஞ்சத்தைப் பற்றிய 50 பக்கங்கள் இந்த அத்தியாயத்துக்குரியவை அல்ல. அவற்றை வேறொரு கோவையில் போட்டு, 'காப்பதற்கு' என்று பெயரிட்டேன். அழிக்கவில்லை என்பதனால் மனம் அவ்வளவு பதறவில்லை. இறந்துபோன 11 பேரின் வீடுகளுக்கும் ஒலிப்பதிவைக் கொண்டுபோகப் பட்டியல் போட்டிருக்கிறேன். நான்கு வீடுகள் எங்கள் தோட்டத்திலேயே, மேட்டு லயத்தில் இருக்கின்றன, இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பிள்ளைக்காம்பராத் திறவுகோலுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். அறை எடுப்பதைப் பற்றி அண்ணியோடு பேசினேன். கடைசி மாதத்துக்குச் சீருடைக் காசிலிருந்து தருவதாகச் சொல்கிறார். அதை வாங்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்காவிடம் இன்னும் ஒரு கேள்வி. ஆய்வேட்டில் எல்லோருக்கும் புனைபெயர்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இறந்துபோன ஓர் அம்மாவின் மகள், "எங்கம்மா பேரையே போடுங்க டீச்சர், வேற பேரு எதுக்கு?" என்று கேட்கிறார். அப்படிப் போடலாமா?

பதில்: பதுளை ஆசிரியை

போடலாம், ஆனால் உங்கள் விருப்பத்துக்குப் போட முடியாது. ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற்றபோது புனைபெயர் என்று சொல்லியிருந்தால், மாற்றத்தை மேற்பார்வையாளர் மூலமாக அந்தக் குழுவுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். பிள்ளைகள் எல்லோரும் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு மகள் வேண்டும் என்பார், ஒரு மகன் வேண்டாம் என்பார். வேறொருவரைக் குறைகூறும் பகுதி அந்த நேர்காணலில் இருந்தால், அந்த ஓரிடத்தில் பெயரை விட்டுவிடுங்கள். என் ஆய்வேட்டில் எட்டுப் பேர் சொந்தப் பெயரோடு இருக்கிறார்கள்.

பெயரைச் செக்ரோலில் உள்ளபடி எழுதிவிடாதீர்கள். எழுதியவருடைய காதுக்குக் கேட்டபடி எழுதிய பெயர்கள் அங்கே நிறைய உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று நம் ஆட்கள் படும் பாடு உங்களுக்கும் தெரியும். வீட்டார் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை போகும்போது அந்த மகளிடம் காட்டி, இதுதான் சரி என்று அவர் சொன்ன பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.